வண்டியைத் தாழ்த்தும் முன் ஒரு கேபிள் டை

என் ஸ்விஃப்ட்டின் முன் சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் நான்கு விரலைத் தாராளமாக நுழைக்கலாம். 2012 மாடல், பெட்ரோல். கம்பெனி கொடுத்த கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மி.மீ. பக்கவாட்டில் நின்று பார்த்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டப் போகிறவர் மாதிரி நிற்கும். அந்த இடைவெளி இரண்டு விரலாகக் குறைந்தால் இதே வண்டி எவ்வளவு அழகு! ஒவ்வொரு முறை நிறுத்திவிட்டு நடக்கும்போதும் திரும்பிப் பார்த்து இதையே நினைத்திருக்கிறேன். வண்டிமேல் ஆசை வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் ஏழு வருஷம் அதில் கை வைக்கவில்லை. காரணம், அதற்கு முன்னால் வைத்திருந்த மாருதி ஜென் கார்.

கோயம்புத்தூரில் வளர்ந்தவனுக்கு வண்டிப் பைத்தியம் பிடிக்கத் தனியாகக் காரணம் வேண்டாம். கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கிய ஊர். ஃபார்முலா ஒன் பந்தய வீரர் நாராயண் கார்த்திகேயனின் ஊர். 2003இல் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்த பிறகு, வேலியோரம் நின்று தரையோடு தரையாகப் போகும் கார்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் நிற்கும் சொந்த வண்டி ஒட்டகம் மாதிரி தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய பழைய ஜென்னை ஒரு பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். "ஒரு சுத்து வெட்டிரலாம் கண்ணு, அரை மணி நேர வேலை" என்றார்கள். கிரைண்டரை எடுத்து நாலு ஸ்பிரிங்கிலும் ஒரு சுற்று வெட்டிக் கொடுத்தார்கள். வண்டி அழகாகத்தான் இருந்தது. இன்றைக்கும் அந்த போட்டோவைப் பார்த்தால் மனசு கொஞ்சம் பொங்கும்.

இரண்டாவது வாரம் வளைவுகளில் முன்பக்கம் "டக், டக்" என்று சத்தம். ஒரு மாசம் கழித்து அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்துப் பழனிக்குப் போனேன். உடுமலை தாண்டி ரோடு சட்டென்று பள்ளமாகி எழும்பும் ஓர் இடத்தில் வண்டி அடியோடு இடித்தது. இரும்பும் இரும்பும் மோதின மாதிரி. அம்மா சத்தமே போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணுமில்ல சாமி, மெதுவாப் போ" என்றார். மூன்று வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நடந்தார். அந்த மூன்று வாரத்தை நான் மறக்கவில்லை. நாலு மாசத்தில் முன் ஷாக் இரண்டும் எண்ணெய் கசிந்தது. டயரின் உள்பக்க ஓரம் நூல் தெரியத் தேய்ந்தது. வண்டியை விற்றுவிட்டேன்.

அன்று என்ன நடந்தது என்பதை நிதானமாகப் புரிந்துகொள்ளப் பல வருஷம் எடுத்தது.

ஸ்பிரிங்கின் வேலை வண்டியைத் தாங்குவது. ஷாக் அப்சார்பரின் வேலை அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. இரண்டுக்கும் நடுவில் பலர் கவனிக்காத மூன்றாவது ஒன்று இருக்கிறது: சக்கரம் மேலே ஏறுவதற்கு மிச்சமிருக்கும் தூரம். பட்டறைகளில் ட்ராவல் என்பார்கள். வண்டி சும்மா நிற்கும்போது, ஷாக்கின் உடம்புக்கும் மேலே இருக்கும் பம்ப் ஸ்டாப்பருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் அது. வண்டியைத் தாழ்த்தும் ஒவ்வொரு மி.மீட்டரும் இந்த இடைவெளியிலிருந்துதான் போகிறது. ஆடம்பரச் செலவுக்கு அரிசிப் பணத்தை எடுக்கிற மாதிரி. எடுக்கலாம், எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். நான் எண்ணவே இல்லை.

வெட்டின ஸ்பிரிங் விஷயத்தில் ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் "வெட்டினால் ஸ்பிரிங் மெலிந்துவிடும்" என்று பலரும் சொல்கிறார்கள். நடப்பது அதற்கு நேர் எதிர். சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் கடினமாகும். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் கடினம் இருபது சதவீதம் கூடும். 330 மி.மீ. நீள ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று போனால் 55 மி.மீ. குறையும். முன்பு வண்டியின் எடையில் 140 மி.மீ. அமுங்கியது, இப்போது கடினம் கூடியதால் சுமார் 117 தான் அமுங்கும். ஆக வண்டி இறங்குவது 32 மி.மீ. இதுவரை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது சக்கரம் பள்ளத்தில் தொங்கும் நேரத்தைப் பாருங்கள். ஷாக் முழுசாக நீண்டுவிட்டது. பழைய ஸ்பிரிங்கில் அந்த நிலையிலும் 50 மி.மீ. அழுத்தம் பாக்கி இருந்தது, அதனால் இடத்தை விட்டு அசையாது. புதுசாக வெட்டின ஸ்பிரிங் 55 மி.மீ. குட்டை. ஐம்பதில் ஐம்பத்தைந்தைக் கழித்தால் ஐந்து மி.மீ. காலி இடம். ஸ்பிரிங் அந்தரத்தில் நிற்கிறது. சக்கரம் மறுபடி ஏறும்போது அது தன் சீட்டில் சரியாக வந்து உட்காருமா என்பது அதிர்ஷ்டம். நான் கேட்ட "டக், டக்" அதுதான். போதாததற்கு, கம்பெனி ஸ்பிரிங்கின் முனை சீட்டில் பொருந்தும்படி வளைந்து வரும். கிரைண்டரில் வெட்டின முனை அப்படி உட்காராது. சில இடங்களில் கேஸ் வெல்டிங் வைத்துச் சூடாக்கி இறக்குகிறார்கள். அது இன்னும் மோசம். எஃகுக்குப் பதம் போய்விட்டால் நாலு ஸ்பிரிங்கும் நாலு விதமாக உட்கார்ந்துகொண்டே போகும்.

ஆக ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினால் ஷாக்கும் குட்டையாக வேண்டும். இந்த ஒரு வரியை அன்று யாராவது சொல்லியிருந்தால் அம்மாவின் இடுப்பு தப்பித்திருக்கும்.

தாழ்த்தினால் வளைவில் வண்டி ஒட்டிக்கொண்டு போகும் என்பது எவ்வளவு உண்மை? எடை மையம் கீழே வந்தால் வளைவில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறும் பாரம் குறையும். எடை மையம் தரையிலிருந்து 550 மி.மீ. உயரத்தில் இருக்கும் வண்டியை 30 மி.மீ. தாழ்த்தினால், குறைவது ஐந்தரை சதவீதம். அவ்வளவுதான். ஓட்டும்போது நமக்குத் தெரியும் பெரிய மாற்றம் முக்கால்வாசியும் கடினமான ஸ்பிரிங்கிலிருந்தும் நல்ல ஷாக்கிலிருந்தும் வருவது.

தாழ்த்துவதில் ஓர் எதிர்விளைவும் உண்டு. நம் ஊரில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் இருப்பது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். எர்ல் மெக்ஃபெர்சன் என்ற பொறியாளர் வடிவமைத்து, 1950களின் தொடக்கத்தில் ஃபோர்டு கார்களில் பரவியது. மலிவு, இடம் குறைவு, இன்று வரை அசைக்க முடியவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து லோயர் ஆர்மைப் பாருங்கள். உடம்பிலிருந்து சக்கரத்தை நோக்கி லேசாகக் கீழே சரிந்தோ, ஏறக்குறைய மட்டமாகவோ இருக்கும். வண்டியை மிகவும் இறக்கினால் அந்தக் கை மேல்நோக்கித் திரும்பிவிடும். அப்போது வளைவில் உடம்பு எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, அதாவது ரோல் சென்டர், எடை மையத்தை விட வேகமாகக் கீழே இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் வளைவில் வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல்; அது நீளமாகிறது. 60 மி.மீ. தாழ்த்திவிட்டு "இன்னும் ஸ்டிஃப் வேணும், இன்னும் ஸ்டிஃப் வேணும்" என்று அலைகிறவர்கள் இந்த நெம்புகோலோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் கெடும். மேடுபள்ளத்தில் ஸ்டியரிங் தானாக இழுக்கும். பந்தயக் கார்களில் இதற்கு நீளமான பால் ஜாயிண்ட் போடுவார்கள். தெருவில் ஓடும் வண்டிக்கு அந்த நிலைமை வராமல் பார்த்துக்கொள்வதே மேல்.

வேகத்தடையைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுதக் கூடாது. இந்திய சாலைகள் காங்கிரஸின் 99ஆம் எண் வழிகாட்டியின் 1988 பதிப்பு, வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது: 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு, 25 கி.மீ. வேகத்தில் கடக்கும்படி. ஸ்விஃப்ட்டின் வீல்பேஸ் 2,430 மி.மீ. அப்படிக் கட்டின தடையின் நட்டநடுவில் வண்டி நின்றால், இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் தடை எழும்பி நிற்கும் உயரம் வெறும் 43 மி.மீ. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது நம்பவே முடியவில்லை, இரண்டு முறை போட்டேன். 170 கிளியரன்ஸ் உள்ள வண்டியை 40 தாழ்த்தி, நாலு பேரை ஏற்றினாலும் தாராளமாகத் தாண்டும். எங்கள் தெருவில் ராத்திரியோடு ராத்திரியாக எழும்பியிருப்பது அரை மீட்டர் அகலத்தில் ஆறு அங்குல வரப்பு. அது வண்டிக்கடியில் அப்படியே ஆறு அங்குலம், அதாவது சுமார் 150 மி.மீ. கேட்கும். ஆம்புலன்ஸில் படுத்திருப்பவருக்கும், பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும் கர்ப்பிணிக்கும் அது என்ன செய்யும் என்று நினைத்தால், வண்டி தாழ்த்தும் ஆசையை விட்டுவிட்டு அந்த வரப்பின் மேல்தான் கோபம் வருகிறது. அது இருக்கும் வரை, நாம் வாங்கும் பாகம் அந்த வரப்புக்குப் பொருந்த வேண்டும்.

சரி, பாகங்களுக்கு வருவோம். இந்த முறை நான் முதலில் வாங்கியது இரண்டு ரூபாய் கேபிள் டை.

ஷாக்கின் பளபளப்பான ராடில், தூசி மறைக்கும் ரப்பர் உறையை மேலே தூக்கிவிட்டு, ஒரு கேபிள் டையைச் சுற்றி இறுக்கி, ஷாக்கின் உடம்போடு ஒட்டும்படி கீழே தள்ளிவிட்டேன். ஷாக் அமுங்கும்போது உடம்பு அந்த டையை மேலே தள்ளும்; இறங்கி வந்தாலும் டை அங்கேயே நிற்கும். எவ்வளவு ஆழம் வரை போனது என்பதற்குச் சாட்சி. பந்தயக்காரர்கள் காலகாலமாகச் செய்வது. என் வண்டியின் முன்பக்கம், நிற்கும் நிலையில் ஸ்டாப்பர் வரை 62 மி.மீ. இருந்தது. டையை மாட்டிக்கொண்டு ஒரு வாரம் வழக்கமான வழியில் ஆபீஸ் போனேன். பார்த்தால் 40 சொச்சத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை என்னையும் சேர்த்து நாலு பேராக ஆழியாறு ஏறி, நாற்பது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி வால்பாறை போய்த் திரும்பினேன். டை ஸ்டாப்பரோடு ஒட்டிக் கிடந்தது.

அதாவது, கம்பெனி உயரத்திலேயே 62 மி.மீட்டரும் செலவாகிறது. இதில் நான் ஆசைப்பட்டபடி 40 எடுத்தால் மிச்சம் 22. வெறும் ஆபீஸ் ரோட்டுக்கே அதில் இரண்டு மடங்கு வேண்டும். அந்த ஒரு எண்ணைப் பார்த்ததும் 40 மி.மீ. கிட்டை வாங்கும் யோசனையைக் கைவிட்டேன்.

ஸ்பிரிங் மட்டும் மாற்றி, கம்பெனி ஷாக்கையே வைத்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். லேசாகத் தாழ்த்த, ஷாக் புதுசாக இருந்தால், கொஞ்ச காலம் ஓடும். ஆனால் ஸ்பிரிங்கை முப்பது சதவீதம் கடினமாக்கினால், அதே ஷாக் அடக்கும் திறன் அந்த ஸ்பிரிங்கோடு ஒப்பிடும்போது பன்னிரண்டு சதவீதம் குறைந்துபோகும். புதிதில் ஸ்போர்ட்டியாகத் தெரியும் வண்டி, இருபதாயிரம் கி.மீட்டரில் பந்து மாதிரி துள்ளும். என்னைக் கேட்டால், கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கு ஷாக்குக்குப் போகட்டும். நல்ல ஷாக்கும் சாதாரண ஸ்பிரிங்கும் சேர்ந்தால் ஓட்டலாம். மாற்றிப் போட்டால் முடியாது.

ஷாக் வாங்கும்போது பெயரை விட நீளத்தைப் பாருங்கள். பில்ஸ்டைனில் பி6 என்றால் கம்பெனி நீளம், பி8 என்றால் தாழ்த்தும் ஸ்பிரிங்குக்காகவே குட்டையாக்கியது. இரண்டும் மஞ்சள்தான், கடையில் மாற்றிக் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாது. ஐபாக், எச் அண்ட் ஆர் மாதிரி ஸ்பிரிங் செய்பவர்கள் எந்த மாடலுக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு இறங்கும் என்று தனித்தனியாகவே குறிப்பிடுவார்கள். அந்த எண் இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். ஸ்பிரிங் கம்பியின் தடிமனையும் அளந்து பாருங்கள். 12 மி.மீ. கம்பிக்குப் பதில் 13 என்றால், மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தாலே கடினம் 38 சதவீதம் கூடும். தடிமனின் நான்காம் அடுக்கில் போகிற கணக்கு அது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு ஸ்பிரிங், முதுகுக்கு வேறு வேறாகத் தெரிவது இதனால்தான்.

காயில் ஓவர்? உயரத்தை நாமே திருகி மாற்றலாம் என்பது பெரிய கவர்ச்சி. டிராக்குக்குப் போகிறவர்களுக்கு அது கருவி. தினம் ஆபீஸ் போகிற வண்டிக்கு மலிவான காயில் ஓவரை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நம் மழைக்கும் சேற்றுக்கும் அந்த மரை இரண்டு வருஷத்தில் இறுகிவிடும், பிறகு அது திருக முடியாத சாதா ஷாக்தான். ஷாக்கின் மேல்முனையைப் பிடிக்கும் டாப் மவுண்ட், ரப்பருக்குப் பதில் இரும்புப் பந்து வைத்ததாக வந்தால் ஒவ்வொரு கல்லும் காதுக்குள் கேட்கும்.

நான் கடைசியில் எடுத்தது ஸ்பிரிங்கும் குட்டை ஷாக்கும் சேர்த்துப் பொருத்தம் பார்த்து விற்ற ஒரு செட். 25 முதல் 30 மி.மீ. இறக்கம். கூடவே புது டாப் மவுண்ட், அதன் பேரிங், ஸ்டாப்பர், ஸ்டெபிலைசர் லிங்க், லோயர் ஆர்ம் புஷ். ஷாக்கைக் கழற்றினபிறகு பழைய ரப்பரைத் திரும்ப மாட்டுவது, புதுச் சட்டைக்குப் பழைய பட்டன் தைக்கிற வேலை.

மாட்டிக் கொடுத்த அண்ணன் ஐம்பது வயசைத் தாண்டியவர், பேச்சு குறைவு. லோயர் ஆர்ம் போல்ட்டை நான் ஆர்வத்தில் ஸ்பானரை எடுத்து முறுக்கப் போனேன். கையைப் பிடித்தார்.

"இப்ப முறுக்கீராதீங்க தம்பி. வண்டி கால்ல நிக்கட்டும், அப்பறம் முறுக்கிக்கலாமுங்க."

சக்கரம் தொங்கும்போது புஷ் போல்ட்டை இறுக்கினால், வண்டி இறங்கினதும் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். ஒரு வருஷத்தில் கிழியும், உயரமும் சரியாக உட்காராது. ஜாக்கியை எடுத்து, நாலு சக்கரமும் தரையில் நின்று, வண்டியை நாலு தடவை அமுக்கி விட்டபிறகே அவர் கடைசி முறுக்கு முறுக்கினார். நான் படித்துத் தெரிந்துகொண்டதை விட அந்த ஒரு கைப்பிடியில் அதிகம் கற்றுக்கொண்டேன்.

அளவு எடுக்கும்போது தரையிலிருந்து எடுக்காதீர்கள், டயர் காற்று கணக்கைக் கெடுக்கும். சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை எடுங்கள். எனக்கு முன்பக்கம் 385 இருந்தது, 358 ஆனது. ஐநூறு கி.மீ. ஓடி ஸ்பிரிங் உட்கார்ந்தபிறகு அலைன்மென்ட் செய்தேன். டயரின் உள்பக்கத் தேய்மானத்துக்கு எல்லாரும் கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி டோ, அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு. தாழ்த்தினால் டோ கட்டாயம் மாறும், சரிசெய்யாமல் ஓட்டினால் என் ஜென் டயர் கதைதான். ஹெட்லைட் உயரத்தையும் திருத்திக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்துக்குப் பிறகு உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ சிறையோ இரண்டுமோ உண்டு. ஆர்.சி.யில் உயரத்துக்குக் கட்டம் இல்லை என்று வாதாடுகிறவர்களைத் தெரியும். நான் அதை நம்பி உட்காரவில்லை; பாகங்களின் விவரத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து, பதிலை ஃபைலில் வைத்திருக்கிறேன். கழற்றின பழைய ஸ்பிரிங்குகளும் எண்ணெய் தடவி மாடியில் இருக்கின்றன.

போன மாசம் அதே நாலு பேராக மறுபடி வால்பாறை. இந்த முறை அம்மாவும் பின்சீட்டில். நாலு ஷாக்கிலும் கேபிள் டை. குட்டை ஷாக் என்பதால் 27 மி.மீ. இறங்கியும், முன்பக்கம் ஸ்டாப்பர் வரை 55 மிச்சம் இருக்கிறது. புது ஸ்பிரிங் கடினம் என்பதால் அந்த 55ம் முழுசாகச் செலவாகாது என்பது என் கணக்கு. ஆழியாறு செக்போஸ்ட்டுக்குத் திரும்பி வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தேன். முன்பக்கம் இரண்டிலும் 46இல் நின்றது. ஒன்பது மி.மீ. கைவசம். பின்பக்கம் இடது ஷாக்கில் எட்டு.

வலது பின்பக்கம் டை ஸ்டாப்பரைத் தொட்டுவிட்டது. அம்மா உட்கார்ந்திருந்த பக்கம். கேட்டேன், எதுவும் தெரியவில்லை என்றார். பழனி ரோட்டிலும் இதையேதான் சொன்னார். அடுத்த சனிக்கிழமை அண்ணனிடம் வண்டியை விட்டு, பின்பக்கம் இரண்டு ஸ்பிரிங்குக்கு அடியிலும் ஐந்து மி.மீ. ரப்பர் பேக்கிங் போட்டேன். பின்னால் இப்போது இரண்டு விரலுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே நுழைகிறது.